தை, மாசி: பேத்தியின் முதல் வாரங்கள்

ஜனவரி 18, வியாழன்

விடியற்காலை நாலே முக்காலுக்குப் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். எடை 2 கிலோ 900 கிராம். பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்பதால் மகளின் தலைமாட்டில் நான் நின்றேன். எத்தனையோ பிரசவம் பார்த்த கைகள். இன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மட்டுமே அவற்றின் வேலை.

கொடியை அவசரப்பட்டு வெட்டவில்லை. ஓரிரு நிமிடம் பொறுத்தால் நஞ்சில் இருக்கும் ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும். பின்னால் ரத்தசோகை வராமல் காக்கும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் பிறந்ததும் வெட்டிவிடுவதுதான் வழக்கம். இந்த மாற்றத்தைப் பார்க்க நிறைவாக இருந்தது. துடைத்து நேராக மகளின் நெஞ்சில் போட்டார்கள். மேலே ஒரு துணி, தலைக்குத் தொப்பி.

அழுது ஓய்ந்து சற்று நேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு கண் திறந்தாள். கையை வாயில் வைத்துச் சப்பினாள், காலால் உந்தினாள், தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். முக்கால் மணி நேரத்துக்குள் தானாகவே மார்புக்கு வந்து, வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். பனிக்குடத் தண்ணீரின் வாசனை பிள்ளையின் கையில் இருக்கும். அதற்கும் காம்பின் வாசனைக்கும் ஒற்றுமை உண்டு. அதனால்தான் உடம்பைத் துடைக்கும்போது கையை மட்டும் விட்டுவிடுவது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் வழி தேடிப் போகிறாள், பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவள்.

ஜனவரி 19, வெள்ளி

வைட்டமின் கே ஊசி நேற்றே போட்டாயிற்று. பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி தடுப்பூசியும் முடிந்தது. கடைசியாகச் சொன்னதை 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கறுப்பாக, பிசுபிசுவென்று காட்டுப்பீ போகிறது. நல்லது. அதோடு பித்தமும் வெளியேறும். சிறுநீரும் போய்விட்டாள்.

மகளுக்கு ஒரே கவலை. "பாலே இல்லையேம்மா, சொட்டுச் சொட்டாத்தானே வருது." அந்தச் சொட்டுதான் சீம்பால். முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பது ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். நோய் எதிர்ப்புச் சத்து அதில் நிறைய இருக்கிறது. அவள் எப்போது கேட்கிறாளோ அப்போதெல்லாம் கொடு, பால் தானே ஊறும் என்றேன். நம்பினாளா தெரியவில்லை. கொடுத்தாள்.

ஜனவரி 21, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கிளம்பும்போது எடை 2 கிலோ 680. 220 கிராம் குறைவு. அந்த எண்ணைக் கேட்டதும் மகளின் முகம் வாடிவிட்டது. வண்டியில் வரும்போது முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டு வந்தேன். வயிற்றுக்குள் இருந்தபோது உடம்பில் சேர்ந்திருந்த தண்ணீர் வடிகிறது, காட்டுப்பீ கழிகிறது. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் முதல் நாட்களில் இறங்கலாம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு.

நேற்று இரவே பால் இறங்கிவிட்டது. மார்பு கல்லாகக் கனத்து மகள் வலியில் துடித்தாள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டுப் பிறகு பிள்ளையைப் போட்டோம். காம்பை மட்டும் கவ்வினால் புண்ணாகிவிடும். கறுப்பு வட்டம் பெரும்பாலும் வாய்க்குள் போக வேண்டும், கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், தாடை மார்பில் படிய வேண்டும். நாலாவது முயற்சியில் சரியாகப் பிடித்தாள். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு முறை "கக்" என்று விழுங்கும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் மகளின் தோள் தளர்ந்தது.

சாயங்கால வெளிச்சத்தில் முகத்திலும் நெஞ்சிலும் லேசாக மஞ்சள் தெரிகிறது. நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான். காலையில் காட்டிவிட வேண்டும்.

ஜனவரி 22, திங்கள்

ரத்தத்தில் பிலிருபின் 13. நாலு நாள் முடிந்த, நிறைமாதப் பிள்ளைக்கு இது விளக்கில் வைக்கும் அளவு இல்லை, அடிக்கடி பால் கொடுங்கள், நாளை மறுநாள் மறுபடி பார்ப்போம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

கருவில் இருக்கும்போது பிள்ளைக்குச் சிவப்பணுக்கள் அதிகம் தேவை. வெளியே வந்து மூச்சு விடத் தொடங்கியதும் அவ்வளவு வேண்டியதில்லை, உடைகின்றன. உடைந்ததில் வரும் மஞ்சளைக் கழிக்கும் அளவுக்கு ஈரல் இன்னும் தேறவில்லை. இரண்டாம் மூன்றாம் நாள் தொடங்கி, ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூளையைப் பாதிக்கும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இளவெயில்ல காட்டு, எறங்கிரும்" என்றார். வெயிலுக்கு மஞ்சளைக் கரைக்கும் குணம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. சொல்லப்போனால் விளக்குச் சிகிச்சையே அங்கிருந்துதான் வந்தது. இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், 1956இல், குறைமாதப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜீன் வார்டு என்ற சிஸ்டர் நல்ல வெயில் நாட்களில் அவர்களை வெளி முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ஒரு பிள்ளையை டாக்டரிடம் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் வெளுத்திருக்க, துணியின் மூலை மறைத்திருந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ரிச்சர்டு கிரெமரும் கூட்டாளிகளும் நீல விளக்கு செய்து, 1958இல் கட்டுரை எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிற அந்த விளக்கு, ஒரு நர்ஸ் பிள்ளையின் தோலை உற்றுப் பார்த்ததில் தொடங்கியது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

ஆனால் வெயில் எவ்வளவு, எந்த நேரம் என்று அளக்க முடியாது. உடம்பு சுட்டுவிடும், அல்லது குளிர்ந்துவிடும். மஞ்சள் கூடிய பிள்ளையை வாசலில் காட்டிக்கொண்டிருந்தால் போக வேண்டிய நேரம் போய்விடும். பெரியம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தேன். பிள்ளைக்கென்று எடுத்துவைத்த பழைய வேட்டித் துணிகள் பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்தன. எல்லாவற்றையும் அலசிக் கொடியில் போட்டு, உருண்டையை வெளியே எறிந்தேன். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாசனையே சிவப்பணுவை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். நம் பிள்ளைக்கு அந்தக் குறை உண்டா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட உருண்டை இல்லாமல் இருப்பது நல்லது.

ஜனவரி 24, புதன்

பிலிருபின் 11. இறங்குகிறது.

சம்பந்தியம்மா வந்தார்கள். பிள்ளையை மடியில் வாங்கியதும், "என்ன மதினி, பிள்ளை இப்படி மெலிஞ்சு கெடக்கா? ரெண்டு சொட்டு சீனித்தண்ணி வச்சா என்ன? எங்க வீட்டுல எல்லாத்துக்கும் சேனை வச்சுத்தான் வளத்தோம்."

அவர்கள் ஆறு பிள்ளை வளர்த்தவர்கள், பாசத்தில் சொல்கிறார்கள். "மதினி, சேனை நீங்கதான் வைக்கணும், ஆனா ஆறு மாசம் கழிச்சு, சோறு ஊட்டுற அன்னைக்கு வைங்க" என்றேன். சீனித்தண்ணி வயிற்றை அடைத்துக்கொள்ளும், பிள்ளை மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் ஊறுவதும் குறையும். தேன் என்றால் அதில் கிளாஸ்ட்ரிடியம் கிருமி இருக்கக்கூடும், ஒரு வயதுவரை கூடவே கூடாது. வசம்பு உரசி ஊற்றுவதும் அப்படித்தான். கையில் கட்டுவதையும் வேண்டாம் என்றேன், கை நேராக வாய்க்குப் போகிறதே. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொள்ளட்டும், கண்ணுக்குள் மை மட்டும் வேண்டாம்.

துணி மாற்றும்போது இரண்டு சொட்டு ரத்தக்கறை தெரிய, அவர்கள் பதறிப்போனார்கள். தாயின் ஹார்மோன் பிள்ளை உடம்பிலிருந்து வடிகிறபோது பெண் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இப்படி வரும், தானே நிற்கும். மார்பும் இரண்டு பக்கமும் லேசாக வீங்கியிருக்கிறது, அதுவும் அதனால்தான். ஆண் பிள்ளைக்கும் வரும். கிராமத்தில் பீய்ச்சிவிடுகிறேன் என்று அழுத்திச் சீழ் கட்டிய பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். கை வைக்காமல் விட்டால் போதும்.

போகும்போது மதினி பூண்டும் பால்சுறாவும் நிறைய வைத்துவிட்டுப் போனார்கள். மகளுக்கு வயிறு நிறைந்தது, எனக்கு மனசு நிறைந்தது.

ஜனவரி 25, வியாழன்

ஏழாம் நாள் வீட்டுப் பார்வைக்கு எங்கள் பகுதி சுகாதார செவிலியர் வந்தார். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். முறையாகப் பார்த்தார். ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார், 46. அறுபதைத் தாண்டினால்தான் கவலை. பிள்ளைகள் மூச்சை நாலு வேகமாக விட்டுச் சற்று நிறுத்தி மறுபடி தொடங்குவார்கள். அதனால் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் சரியாக வராது. எடை 2 கிலோ 800. மலம் கடுகு அரைத்த நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் துணி நனைக்கிறாள். பால் போதுமா என்ற கேள்விக்கு அந்த ஈரத் துணிகள்தான் பதில் என்று அவர் மகளிடம் சொன்னார். நான் சொல்லி நம்பாததை அவர் சொல்லி நம்பினாள்.

ஜனவரி 28, ஞாயிறு

தொப்புள் விழுந்தது. சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வைக்கவில்லை. காய்ந்து தானே விழுந்தது. குழியில் சிவப்போ நாற்றமோ இல்லை.

பிப்ரவரி 1, வியாழன்

எடை 3 கிலோ 50! பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். மகள் தராசைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாதத்திலும் கணுக்காலிலும் தோல் உரிகிறது. பத்து மாதம் தண்ணீருக்குள் கிடந்த தோல், உரியத்தான் செய்யும். மேலுதட்டு நடுவில் சப்பிச் சப்பி ஒரு சின்னக் கொப்புளம். முதுகின் அடியில் நீலத்திட்டு, நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் உள்ளது. சில வருடங்களில் மறைந்துவிடும்.

பிப்ரவரி 5, திங்கள்

இன்று அரை மணி நேரம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்து, தூங்காமல், அழாமல், கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடக்கும் ஒரு நேரம் உண்டு. ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்குகிறவளுக்கு இப்படிப்பட்ட நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில்தான் அவள் படிக்கிறாள்.

அவளால் இப்போது தெளிவாகப் பார்க்க முடிவது எட்டு அங்குலத்திலிருந்து ஒரு அடி தூரத்துக்குள்தான். மார்பில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் நடுவே உள்ள தூரம் அது. அதற்கு மேல் எல்லாம் மங்கல். நான் முகத்தை அந்தத் தூரத்துக்குக் கொண்டுபோய், மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். கண்கள் கூடவே வந்தன, நடுவில் விட்டன, தேடின, மறுபடி பிடித்தன. என் முகத்தின் ஓரத்தை, நெற்றியும் நரைமுடியும் சேரும் கோட்டைத்தான் முதலில் பார்த்தாள். இந்த வயதில் கறுப்பு வெளுப்பு விளிம்புதான் கண்ணை இழுக்கும். அமெரிக்காவில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்பவர் 1960களின் தொடக்கத்திலேயே காட்டினார், பச்சைப் பிள்ளைகள் வெறும் வண்ணத்தைவிடக் கோலத்தையும் முக வடிவத்தையும் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று. அதுவரை, பிறந்த பிள்ளைக்குப் பார்வை ஒன்றும் பெரிதாகக் கிடையாது என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுப்படியிலிருந்து மகள் என்னைக் கூப்பிட்டாள். உடனே பிள்ளை சப்புவதுபோல் வாயை அசைப்பதை நிறுத்தி, அசையாமல் கேட்டாள். தாயின் குரல் அவளுக்குப் புதிதல்ல, கருவிலேயே கேட்ட குரல். 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் செய்த சோதனையில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத பிள்ளைகள், தாயின் குரல் கேட்பதற்காகத் தாங்கள் சப்பும் தாளத்தையே மாற்றிக்கொண்டார்கள். ஊமைப் பொம்மையைத் தூக்குவதுபோல் பேசாமல் துணி மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. பேசுங்கள், அவள் கேட்கிறாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

அடுப்படியில் தட்டு விழுந்த சத்தத்துக்கு இரண்டு கையையும் விரித்து, விரலை விறைத்து, பிறகு கட்டிப்பிடிப்பதுபோல் உள்ளே சுருக்கிக்கொண்டு அழுதாள். தாத்தா திருநீறு எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள். திருநீறு நல்லதுதான், ஆனால் அவள் பயந்து நோயாகவில்லை. இந்தத் துணுக்கத்தை ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த எர்ன்ஸ்ட் மோரோ 1918இல் விவரித்தார், அவர் பெயரிலேயே வழங்குகிறது. இரண்டு கையும் ஒரேபோல் விரிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு கை மட்டும் விரியவில்லை என்றால் பிரசவத்தில் நரம்போ காறை எலும்போ அடிபட்டிருக்கலாம். நாலைந்து மாதத்தில் இது தானே மறைய வேண்டும். விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிப்பது, பாதம் தரையில் பட்டால் நடப்பதுபோல் காலை மாற்றி மாற்றித் தூக்குவது எல்லாம் அப்படித்தான். இப்போது உடம்பு தானாகச் செய்வது ஒவ்வொன்றாக மறைந்து, பிறகு அவள் நினைத்துச் செய்வது வரும்.

பிப்ரவரி 12, திங்கள்

மூன்று நாளாக ஓயாத பால். குடித்த அரை மணியில் மறுபடி. மகள் நேற்று இரவு பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "எனக்குப் பால் வத்திப்போச்சும்மா. பவுடர் வாங்கிரு."

வற்றவில்லை. மூன்றாவது வாரம் வாக்கில் பல பிள்ளைகள் இப்படித் திடீரென்று கூடுதலாகக் கேட்பார்கள். இரண்டு மூன்று நாள் கேட்கக் கேட்கக் கொடுத்தால் பால் அந்த அளவுக்கு ஏறிவிடும். இந்த இரண்டு மூன்று நாளில்தான் டப்பா வீட்டுக்குள் வருகிறது.

எனக்குப் பிள்ளையைவிட அவள் திரும்பிப் படுத்ததுதான் நெஞ்சில் நிற்கிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் பிள்ளையின் எடையைக் கேட்கிறார்கள், பெற்றவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளை பிறந்த முதல் வாரத்தில் தாய்க்கு வரும் அழுகை தானே போகும். இரண்டு வாரம் தாண்டியும் மனம் கனத்தே இருந்தால், பிள்ளைமேல் பிடிப்பு விட்டால், அது நோய், டாக்டரிடம் காட்ட வேண்டும், மருந்து உண்டு. இன்று முழுக்கப் பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற எல்லாம் நானும் தாத்தாவும். விருந்தாளிகளை வாசலோடு அனுப்பினேன். மகள் மதியம் ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்து ரசம் சாதம் கேட்டாள்.

பிப்ரவரி 15, வியாழன்

3 கிலோ 580. பிறந்தபோது 34 செ.மீ. இருந்த தலைச்சுற்று இப்போது 36. எடையைக் கேட்கிற யாரும் இந்த எண்ணைக் கேட்பதில்லை; மூளை வளர்வதைக் காட்டுவது இதுதான். உச்சிக்குழி துடிக்கிறது, உள்ளே குழியவும் இல்லை, புடைக்கவும் இல்லை. தாய் சேய் நல அட்டையில் புள்ளி வைத்தேன். அந்தக் கோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை ஆறு நாடுகளில் அளந்து போட்டார்கள், அதில் நம் டெல்லிப் பிள்ளைகளும் உண்டு. நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கிறாளே என்று மருமகன் போனில் கேட்டார். கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட அவள் தன் கோட்டை ஒட்டியே ஏறுகிறாளா என்று பாருங்கள் மாப்பிள்ளை, ஏறுகிறாள் என்றேன்.

மகள் முகம் தெளிந்துவிட்டது.

பிப்ரவரி 22, வியாழன்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் அழுகை. வயிறு நிறைந்திருக்கிறது, துணி காய்ந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை, ஆனாலும் அழுகை. பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962இல் தாய்மாரைக் குறிப்பு எழுத வைத்துக் கண்டார்: இந்த அழுகை வாரத்துக்கு வாரம் ஏறி ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். இன்னும் ஒரு வாரம் தாங்க வேண்டும். தோளில் போட்டு நடை. தாத்தா பழைய பாட்டுப் பாடினார்கள், அதற்குத்தான் கொஞ்சம் அடங்கினாள். கை மாற்றிக்கொள்ள மூன்று பேர் இருக்கிறோம். தனியாக ஒரு அறையில் பிள்ளையோடு கிடக்கும் பெண்களை நினைத்துக்கொண்டேன். கோபம் வந்தால் பிள்ளையைப் பாயில் பத்திரமாகப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள், குலுக்க மட்டும் குலுக்காதீர்கள் என்று அவர்களிடமெல்லாம் சொல்ல ஆசை.

மார்ச் 2, சனி

காலை எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டு வெந்நீர் ஊற்றித் துவட்டினேன். மகள் வாங்கிக்கொண்டு, "குளிச்சாச்சா எங்க ராசாத்தி?" என்றாள். பிள்ளை அவள் கண்ணைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது, வாய் ஒரு பக்கம் கோணி, பிறகு முழுவதும் விரிந்தது. கண்ணும் சேர்ந்து சிரித்தது.

தூக்கத்தில் உதடு சிரிப்பது பிறந்த நாளிலிருந்து உண்டு, அது யாருக்காகவும் அல்ல. இது மகளின் முகத்துக்காக வந்தது. மகள் மறுபடி சொன்னாள், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை மகள் அழுதுவிட்டாள். ஆறு வாரமாக ஊட்டியும் துடைத்தும் விழித்தும் இருந்தவளுக்குக் கிடைத்த முதல் பதில். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். அது அவர்கள் இருவருக்குமான நேரம்.

மார்ச் 3, ஞாயிறு

போலியோ முகாம். இரண்டு சொட்டு. இடது சுண்டு விரலில் மை.

மார்ச் 6, புதன்

துணை சுகாதார நிலையத்தில் ஆறாவது வாரத் தடுப்பூசி. பென்டாவேலன்ட், நிமோனியாவுக்கான பிசிவி, போலியோ ஊசி, வாயில் போலியோவும் ரோட்டா சொட்டும். எடை 4 கிலோ 280. ஊசி போடும்போது மகள் மார்போடு அணைத்துப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குத்தியதும் வீறிட்டு, அடுத்த நிமிடம் மறுபடி குடிக்கத் தொடங்கினாள். பிசிஜி போட்ட இடத்தில் சின்னக் கொப்புளம் எழும்பியிருக்கிறது, அதைக் கிள்ளவோ மருந்து போடவோ கூடாது.

அங்கே இன்னொரு இளம் தாய் தன் பிள்ளையைக் காட்டி, "இவ்வளவு அழுறானே, பால் பத்தலையோ?" என்று செவிலியரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பதில் சொல்வதற்குள் என் மகள் திரும்பி, "ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கான்?" என்றாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டார்கள். அரை மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பதால் நேரம் இருந்தது.

இரவு உடம்பு லேசாகச் சுடுகிறது, 100. எதிர்பார்த்ததுதான். எடைக்கு ஏற்றபடி கொடுத்த பாராசிட்டமால் சொட்டு இருக்கிறது. குடிக்கிறாள். அடுத்த ஊசி ஏப்ரல் 3.